எழுபத்திரண்டு பிரேம்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் இறக்கிவிட்டுப் போன
தகரப்பெட்டிக்குள் கடல் இருந்தது,
நான்கு சுருள்.
ரிக்‌ஷாவில் மடிமேல் வைத்துக் கொண்டுவந்தேன்.
வைகாசி. கீழவெளி வீதித் தார்
செருப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு
திருப்பித் தர யோசித்தது.

திரைக் கழகத்தில் அன்றைக்கு முப்பத்தொரு பேர்.
பலகையும் கையுமாக இருவர்
வெயிலைத் தேடி ஊர் ஊராய்ப் போகிறார்கள்
என்று டேனியல் சார் முன்னுரை சொல்ல,
பின்வரிசையில் செந்தட்டி எழுந்து கேட்டான்:
"தேடியா போறாய்ங்க?"
சிரிப்பு அடங்கவே பாதிச் சுருள் ஆனது.

படம் ஓடியது. சத்தம் வரவில்லை.
புரொஜெக்டருக்குள்
சுண்டுவிரல் நகத்தளவு பல்பு ஒன்று உண்டு.
பேசுவது அதுதான். அது செத்திருந்தது.
மாற்று பல்பு மெட்ராஸில்.

அப்போது யாகூப் பேசினான்.
டவுன்ஹால் ரோடு லாட்ஜில் சாவி எடுத்துத் தருகிறவன்,
தொண்டியில் பிறந்தவன்.
திரையில் நுரை திரண்டதும் வாய் தானாகத் திறந்தது.
"நீவாடு மாறுது பாரு.
இப்ப வர்றத விடு. பின்னாடி வர்றான் பாரு ஒருத்தன்,
அவன்தான் ஆளு."
சொன்னபடியே வந்தது.
எந்த நாட்டுக் கரையானால் என்ன,
அவனுக்கு எல்லாமே தொண்டிக்குச் சற்றுத் தெற்கே.

நான் படம் பார்க்கிறவனில்லை, ஓட்டுகிறவன்.
துளை கிழியாமல் லூப் குறையாமல்
கண் கேட்டிலேயே இருக்கும்.
எல்லோரும் போனபின் விளக்கை அணைக்காமலே
பின்னோக்கி ஓட்டினேன்.
நுரையில் புதைந்தவன்
முதலில் கால் வெளியே வர, எழுந்து பலகையில் நின்றான்.
உடைந்த அலை தன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு
முழுதாகி
அவனை அலுங்காமல் உள்ளே கூட்டிப்போனது.
செந்தட்டி போகவில்லை.
தூணோரம் நின்றிருந்தான்.

படத்தில் ஒரு கரையில் ஐந்து நாள்
அலைக்குக் காத்திருப்பார்கள். நாங்கள் ஆறு மாதம்.
வைகைக்குள் கழுதை மேய்ந்தது,
மூன்று கிரிக்கெட் ஆட்டம் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தது.
யாகூப் மட்டும் சாயங்காலம் கல்பாலத்தில் நின்று
மேற்கே மோந்து பார்ப்பான்.

ஐப்பசியில் அணை திறந்த செய்தி ரேடியோவில் வந்தது.
விடியுமுன் வந்தான்,
பதினோராம் அறைக் குளியலறைக் கதவைத்
தலையில் வைத்துக்கொண்டு.
கொண்டியைக்கூடக் கழற்றவில்லை.

செம்மண் தண்ணீர். ஆகாயத்தாமரை.
யார் வீட்டதோ ஒரு பூசணி.
பாலத்துக் கண்களைத் தாண்டி விழுகிற இடத்தில்
ஆறு மடங்கி
மடங்கியது மடங்கியபடி நின்றது.
"இப்ப வர்றத விடு," என்றான் யாகூப், பழக்கத்தில்.
விட என்ன இருந்தது,
வருவதும் போவதும் அது ஒன்றுதான்.

இடுப்பில் கயிறு. மறுமுனை எங்கள் கையில்.
செந்தட்டி கதவின்மேல் குப்புற விழுந்தான்.
முழங்கால்.
ஒரு பாதம்.
பிறகு, லேத் கிரீஸ் போகாத இரண்டு கையையும் விரித்து
நின்றான்.

பாலத்தின் மேல் பால்காரர் ஒருவர்
சைக்கிளை நிறுத்தி
எதற்கென்று தெரியாமல் ஒருமுறை மணியடித்தார்.

நான் எண்ணினேன். எனக்கு வேறென்ன தெரியும்.
நொடிக்கு இருபத்துநாலு.
எழுபத்திரண்டில் அறுந்தது.

பின்னோக்கி ஓட்ட வழியில்லை.
இழுத்துக் கரை சேர்த்தபோது படிக்கல்லில்
முன்பல் பாதி போனது. யாரைக் கண்டாலும்
அதைக் காட்டிக்கொண்டுதான் சிரிப்பான் இன்றைக்கும்.

கதவைத் துடைத்து, பத்து மணிக்குள்
பழைய கீலிலேயே மாட்டிவிட்டோம்.
மானேஜர் கவனிக்கவில்லை.
ஆனால் மரம் ஆற்றைக் குடித்திருந்தது,
நிலைக்குள் அடங்க மறுத்துவிட்டது.
அதன்பின் பதினோராம் அறைக்கு வந்தவர்கள்,
மருந்துக் கம்பெனிக்காரர், கேஸுக்கு வந்த வக்கீல்,
மாப்பிள்ளை பார்க்க வந்த சிவகாசிக் குடும்பம்,
எல்லோரும்
சோப்பு நுரைக்குள் கண்ணை மூடி
ஒரு காலை அந்தப் பலகைமேல் ஊன்றியபடிதான்
குளித்தார்கள்.