பன்னிரண்டாம் மாதத்து எண்

மாலை ஐந்துக்கு மேல்தான் போனை எடுப்பார்கள்.
உம்பிலோ சாலையில் டாக்சிகள்
ஹாரன் அடித்து ஆள் சேர்க்கும் நேரம்.
ஜன்னலைச் சாத்திவிட்டு எண்களை அழுத்துவேன்.

“ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன்.
அறுவை முடிந்து ஒரு வருஷம்.
வலியே இல்லையென்றால் பூஜ்யம்,
தாங்கவே முடியாதென்றால் பத்து.
இன்றைக்கு எத்தனை?”

ஐசிபிங்கோ பூபாலன் முனுசாமி சிரிக்கிறார்.
“காலையிலா, கடற்காற்று திரும்பின பிறகா?”
வேன் கதவு நசுக்கிய முன்கை.
அறுந்த நரம்பின் நுனியில் முடிச்சு வளர்ந்து
சட்டை உரசினாலே உயிர் போய் வந்த கை.
முடிச்சை வெட்டி நுனியைத் தசைக்குள் புதைத்தார்கள்.
ஒன்பது இப்போது நான்கு.
“முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு
கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்குப் போனேன்,
எழுதிக்கொள்.”
எழுத இடமில்லை.
நான்கு என்று எழுதினேன்.

சிபோங்கிலே செலே: பூஜ்யம்.
சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிள்ளைக்குக் காய்ச்சலா என்று பார்க்க
இடது கையைத்தான் வைக்கிறாளாம் இப்போது.

வெருலம் எண் மூன்று நாளாக
அணைந்தே கிடக்கிறது.
‘தொடர்பு அற்றவர்’. கட்டத்தில் ஒரு கோடு.
கோட்டுக்கு வலிக்கிறதோ என்னவோ.

கோகிலம் மூட்லி, பைன்டவுன் செருப்பு ஆலை.
தோல் வெட்டும் கத்தி, கட்டைவிரல் அடி.
“எட்டு.”
போன வருஷப் படிவத்திலும் எட்டு.
கடைசிக் கேள்வியைக் கேட்கவே கூசியது:
திரும்பவும் முதலிலிருந்து என்றால்
இதே அறுவைக்கு ஒப்புக்கொள்வீர்களா?
“ஆமா.”
கேள்வியை இன்னொரு தடவை படித்தேன், நிதானமாக.
“ஆமா என்றேனே.”

நான்கு வருஷம் இழப்பீட்டு ஆபீஸில்
நடிக்கிறாள் என்று எழுதிவைத்திருந்தார்கள்.
வீட்டுக்காரரும் ஒருமுறை கேட்டாராம்,
மெதுவாகத்தான், விளக்கை அணைத்த பிறகு.
மயக்கம் தெளிந்ததும் டாக்டர்
சிறு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாராம்.
உள்ளே ஊறிய துவரம்பருப்பு மாதிரி ஒன்று.
“பார்த்தேன் பிள்ளை.
இருந்தது.”

மறுநாள் புள்ளிவிவரக்காரர் அந்த வரிசைக்கு
மஞ்சள் பூசித் திருப்பி அனுப்பினார்:
எட்டு, எட்டு, ஆம். முரண். சரிபார்க்கவும்.

சரிதான் என்று பதில் போட்டுவிட்டு
வெருலம் எண்ணை
மறுபடி அழுத்தினேன்.