பதினாறும் பெற

பத்து மணி நேரம் உழைத்தால் ஒரு கிரெடிட்.
பதினாறு சேர்ந்தால் இந்த வருடம் தேறலாம்.
அரசியல் துறையில் தந்த மஞ்சள் ஏட்டில் நான்கு கட்டங்கள்:
தேதி, நேரம், செய்த வேலை, கற்றுக்கொண்டது.
கடைசிக் கட்டம்தான் ஆக அகலம்.

முதல் நாள், மூன்று மணி நேரம்.
சாட்ஸ்வொர்த், யூனிட் ஏழு.
விளக்குக் கம்பங்களில் தயாளன் படையாச்சியின் முகத்தைக் கட்டினேன்.
நொம்புசோ ஏணியைப் பிடித்துக்கொண்டாள்,
அவளுக்கும் பதினாறு வேண்டும்.
கற்றுக்கொண்டது: பிளாஸ்டிக் பட்டை
இறுக்கினால் இறுக்கியதுதான்.
வேட்பாளரின் கழுத்தோடு சேர்த்துக் கட்டக் கூடாது.

துண்டறிக்கையின் உச்சியில் தமிழில் ஒரே ஒரு சொல்:
வனக்கம்.
சனிக்கிழமை வகுப்பில் நான் படித்தது கொஞ்சம்,
மூன்று சுழி மட்டும் மறக்கவில்லை.
"இது காட்டுக்கல்லவா போகிறது?" என்றேன்.
பிரச்சாரப் பொறுப்பாளர் ருவேஷன் ரெட்டி
போனிலிருந்து தலை நிமிரவில்லை.
"ஐயாயிரம் அடிச்சாச்சு. யார் வாசிக்கப் போறாங்க?"

வீடு வீடாகப் போனோம்.
நம்மவர் என்றால் ஒன்று, மதில்மேல் பூனைக்கு இரண்டு,
அவர்கள் ஆள் மூன்று, வீட்டில் ஆளில்லை நான்கு.
நான்கு போட்ட வீடுகளில் பாதிக்கு மேல்
டிவி ஓடிக்கொண்டிருந்தது.

ஐந்து நாளாய்க் குழாயில் தண்ணீர் இல்லாத தெருவில்
ஒரு பெண் எங்கள் பனியனைப் பார்த்தாள்,
பிறகு கையைப் பார்த்தாள், பிறகு வாளியை நீட்டினாள்.
லாரி நின்ற மூலைக்கும் அவள் மூன்றாம் மாடிக்கும்
நாற்பது நிமிடம் நடந்தோம்.
ஓட்டு யாருக்கு என்று கேட்க மூச்சு இல்லை.
ஏட்டில் எழுதினேன்: மக்கள் தொடர்பு.

மூலைக் கடைக்காரர் கேட்டார், எவ்வளவு சம்பளம்?
சம்பளம் இல்லை அங்கிள், கிரெடிட்.
அவர் திரும்பித் தன் தலைக்கு மேலிருந்த அட்டையைக் காட்டினார்:
இன்று கிரெடிட் கிடையாது, நாளை வரவும்.
சிரித்துக்கொண்டே நாலு சமோசா தந்தார்,
படையாச்சி கணக்கில் எழுதிக்கொண்டு.

ஒரு மாலை, நகராட்சி உடுப்போடு ஒருவர் அலுவலகம் வந்தார்.
எங்கள் துண்டறிக்கையை மேசையில் வைத்தார்.
சிவப்புப் பேனாவில் ஒரு சுழி கூடியிருந்தது.
ஒன்றும் பேசாமல் பேருந்துக்குப் போய்விட்டார்.
அவருக்கு என்ன எண் போடுவது?
ஒன்றா, மூன்றா?

புதன்கிழமை இடைத்தேர்தல்.
இருநூற்றுப் பதினொரு ஓட்டில் தோற்றோம்.
என் ஏட்டில் நூற்று ஐம்பத்து நான்கு மணி.
அலுவலகத்தில் பூட்டு. ருவேஷன் போன் எடுக்கவில்லை.
ஆனால் சுவரொட்டிகளை ஏழு நாளில் இறக்காவிட்டால்
முகத்துக்கு இவ்வளவு என்று அபராதம் உண்டு.

நொம்புசோ தன் அண்ணனின் குறடோடு வந்தாள்.
மழையில் வெளுத்த படையாச்சியை
ஒவ்வொன்றாய் வெட்டி இறக்கினோம்.
அன்று நான்கு போட்ட கதவொன்று தானாகத் திறந்தது.
"அந்த அட்டை ரெண்டு தருவியா?
கோழிக் கூண்டு ஒழுகுது."
முகம் உள்பக்கம் இருக்கட்டும் என்றாள்,
கோழிகளுக்காவது பார்க்க ஆள் வேண்டும்.

ஆறாவது மணியில் அவரே வந்தார்.
ரப்பர் செருப்பு, ஓட்டை பக்கி வண்டி.
தன் முகங்களைத் தானே அடுக்கி ஏற்றினார்.
மேற்பார்வையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடக்
கேட்டேன். மூன்று மாதத்தில் முதல்முறையாக
என் பெயரைக் கேட்டார்.
திரேஷ்னி, அங்கிள். திரேஷ்னி வேலாயுதன்.

"பதினாறும் பெற்று..." என்று
கல்யாண வீட்டுக் குரலில் தொடங்கினார்.
மீதி அவருக்கு வரவில்லை.
எனக்கும் தெரியாது.

கற்றுக்கொண்டது என்ற கட்டம்
இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.
பள்ளிக்கூடத்து எதிரே ஒரு கம்பத்தில்
ஏணி எட்டாத உயரத்தில் ஒன்று மிச்சம்.
யார் கட்டினார்கள் என்று நானும் நொம்புசோவும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.