மைனஸ் அறுபத்தொன்று

மாதம் இருபதாம் தேதி நெருங்கினால்
மதகுச் சுவர்தான் என் ஆபீஸ்.
லேப்டாப் மடியில்,
செல்போன் ஷட்டர் கம்பியில் கட்டித் தொங்க,
முத்துப்பேட்டைக் கடைகள் பதினாறின் ஜிஎஸ்டியை
அங்கிருந்துதான் ஏற்றுவேன்.
ஓடிபி வந்து சேர்வதற்குள்
அதன் ஆயுள் முடிந்திருக்கும்.
கீழே கோரையாற்றுத் தண்ணீர்
என்னைவிட அவசரமாய்ப் போகும்.

பத்தொன்பதாம் தேதி காலை
கூத்தாநல்லூர் ரியாசுதீன் வந்தான்.
டாடா ஏஸில் இருபதடி ஜிஐ பைப்,
சோற்றுத்தட்டு அளவில் வெள்ளையாய் ஒன்று,
கேபிள் சுருள், தீபன்ராஜ் என்றொரு பையன்.
மாடியேறி
அரிசி ஆலை டவரைத் தேடினான்.
ஏழு கிலோமீட்டர்.
மலையில்லை, மேடில்லை,
பால் பிடிக்கிற சம்பா மட்டும்.
"நமக்குன்னே தட்டிப் போட்ட ஊருக்கா இது"
என்றவன் வாய் மூடவில்லை,
குறுக்கே நின்றது தென்னை.

கஜாவில் எங்கள் பக்கம் நாற்பது சாய்ந்தது.
அவர்கள் பக்கம் முப்பது.
வரப்பில் நிற்கிற இது மட்டும் சாயவில்லை.
வரப்பு யாருடையது என்று
மன்னார்குடி கோர்ட்டில் பதினொரு வருஷமாய்க்
கேட்டுக்கொண்டிருக்கிறோம்.
காய் விழுந்தால்
இரண்டு வீட்டிலும் எடுக்க மாட்டோம்.
"வெட்டிரலாமா?" என்றான் தீபன்.
"ஸ்டே இருக்கு" என்றேன்.

பைப்பை முழுசாய் நிமிர்த்தியும்
மைனஸ் எண்பத்துநாலு.
"மைனஸ் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுக்கா.
பூஜ்யம்லாம் வராது. அறுபதுகள்ல நின்னா போதும்."
கடனைப் பற்றிச் சொல்கிறானோ என்றிருந்தது.

அடுத்த மாடியில் துணி உதறிக்கொண்டிருந்த
ஞானசௌந்தரி
ரியாசுதீனைப் பார்த்து,
ரியாசுதீனை மட்டும் பார்த்து,
"டவர் தெரியணும்னா
எங்க தண்ணித்தொட்டி மேலேருந்து தெரியும் தம்பி" என்றாள்.
"கேட்டுச் சொல்றேன்க்கா" என்று
பத்தடி தள்ளி நின்ற என்னிடம் திரும்பினான்.
அதற்குப் பதில் சொல்லி
அவனைத் திருப்பி அனுப்பினேன்.
அவள் கேட்டது ஒன்றுதான்:
பாஸ்வேர்டு.

வீட்டுக்காரர் கடைத்தெருவிலிருந்து கூப்பிட்டார்.
"வக்கீலக் கேக்காம எதுவும்..."
அதற்குமேல் கேட்கவில்லை.
வீட்டில் சிக்னல் இல்லாதது
அன்று ஒருமுறை உதவியது.

தொட்டிமேல் தட்டு ஏறியது.
கேபிள் வரப்பைத் தாண்டி வரவேண்டும்.
ஆணியை எடுத்த தீபனை
இரண்டு மாடியிலிருந்தும் அதட்டினோம்.
மரத்தோடு சேர்த்து
பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டினான்.
மைனஸ் அறுபத்தொன்று.

"இதுக்கு மேல எட்டாதுக்கா, நீங்கதான் கடைசி."
மேட்டூர் திறந்த நாளிலிருந்து
தேதி எண்ணிப் பழகிய கடைமடைக்காரியிடம் சொல்கிறான்.
எங்களுக்கு வருகிற எதுவும்
எல்லாருக்கும் வந்த பிறகுதான் வரும்.
இது சாயங்காலத்துக்குள் வந்துவிட்டது, அதுதான் நம்ப முடியவில்லை.

"பாஸ்வேர்டு என்ன போட?
ரெண்டு வீட்டுக்கும் மறக்காத மாதிரி இருக்கட்டும்."
நூற்றுப் பதினேழு பை நான்கு பி என்றேன்.
அதே நேரத்தில் அந்த மாடியிலும் அதே எண்.
பாதியில் நிறுத்திக்கொண்டாள்.
நானும்.
சர்வே நம்பர் என்று தெரியாத ரியாசுதீன்
"நல்ல ஸ்ட்ராங்கான பாஸ்வேர்டு" என்றான்.

இரவு பத்தரைக்குள் பதினாறு கடையும் ஏறிவிட்டன.
ஓடிபி நாலு செகண்ட்.
எழுந்து கைகால் உதறினேன். முதுகில் மதகுச் சுவர் இன்னும் உறுத்தியது.
பக்கத்து வீட்டில்
ஷார்ஜாவிலிருந்து அவள் மகன் பேசினான்,
"சாப்டியாம்மா, சாப்டியா" என்று
பழைய வழக்கத்தில் கத்தி.
முதல் தடவையே கேட்டுவிட்டது அவளுக்கு.

காற்றில் ஓலை அசைந்தபோது
அறுபத்துநாலு, திரும்ப அறுபத்தொன்று.
தூக்கம் வராமல்
கோர்ட் பக்கத்தைத் திறந்தேன்.
வாய்தா அடுத்த மாதம் பதினேழு.
ரவுட்டரில் பச்சை விளக்கு
விடாமல் துடித்தது.
அந்தப் பக்கமும் யாரோ
அதையேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.