பெயர் அறியப்படாத கனவான்

பாயான் லெப்பாஸ் சரக்குக் கொட்டகையில்
சுங்க அதிகாரி பெட்டிமேல் தட்டிக் கேட்டார்:
"உங்கள் சொந்தக்காரரா?"
இல்லை.
"பிறகு எதற்கு நாலாயிரம் ரிங்கிட்?"
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நார்விச் பக்கம் ஓர் ஏலக்கூடம்
அவர்மேல் ஒட்டிய சீட்டு:
பெயர் அறியப்படாத கனவான்,
சுமார் 1840, சட்டகம் பழுது.
நள்ளிரவு தாண்டி, பர்மா சாலை மாடியில்,
போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில்
அவரை நான் ஜெயித்தேன்.
போட்டிக்கு ஒரே ஒருவர் இருந்தார்.
பாதியில் காணோம்,
அங்கே தேநீர் வேளை.

"துரைமாரை அனுப்பிவைக்கப் பட்ட பாடு போதாதென்று
நீ காசு கட்டி ஒருத்தரை வரவழைக்கிறாய்"
என்றார் மரியசூசை,
பெட்டியின் மறுமுனையைப் பிடித்துப் படியேறியபடி.

ஒரு வாரம் திறக்கவில்லை.
இந்த ஊர்க் காற்று அவருக்குப் பழக வேண்டும்.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ராப்பகலாக முனக,
அதன் தொட்டியிலிருந்து தினமும்
ஒரு வாளி பினாங்கைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மேல் அழுக்குக்கு எச்சில்தான் மருந்து.
வேலை நாளில் சம்பல் தொடமாட்டேன்;
வெறும் ரொட்டியும் சுடுதண்ணீரும்தான் பசியாற.
பஞ்சுக் குச்சியை நாக்கில் உருட்டி
காசளவு காசளவாக
நெற்றி, மூக்கு, கிருதா.
எச்சில் இலை, எச்சில் கை, எச்சில் தட்டு என்று
ஒரு சொல்லுக்குள் எத்தனை விலக்கு வைத்திருக்கிறோம்!
கனவானோ முகம் சுளிக்காமல்
என் வாய்த் தண்ணீரில் கிடக்கிறார்.
குச்சியில் வருவதெல்லாம் புகை:
யாருடையவோ கணப்பு, யாருடையவோ சுருட்டு,
நூற்றெண்பது குளிர்காலம்.

எச்சிலுக்கு வார்னிஷ் மசியாது.
அதற்குச் சாராயம் வேண்டும்.
ஜன்னலைத் திறந்து, விசிறியைத் திருப்பி வைத்து,
துடைக்கத் துடைக்க
மஞ்சள் இறங்கியது. காலர் வெளுத்தது.

முப்பத்தொரு வருடம் பீங்கான் பல் செய்தவள் நான்.
வெள்ளையில் பதினாறு வகை
மேசை இழுப்பறையில் கிடக்கிறது.
மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாய்
காலருக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.
மூன்றாவது,
ஓயாமல் தேநீர் குடிக்கிறவர்களுக்குக் கொடுப்பது,
அச்சாகப் பொருந்தியது.

வியாழக்கிழமை வாய்க்கு வந்தேன்.
இறுக மூடிய உதடு.
குச்சி சிவந்தது.
கை நின்றது.
படத்தைத் தின்றுவிட்டேனா?
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
உதட்டுக்குக் கீழே வார்னிஷ்,
வார்னிஷுக்குக் கீழே
இன்னோர் உதடு.

மூன்று நாள்.
இருபத்திரண்டு குச்சி.
கனவான் மெல்ல வாய் திறந்தார்:
மேல்வரிசை, வலப்பக்கம்,
நடுப்பல்லுக்கு அடுத்தது
காணோம்.
சிரிக்கிறார்.
வரைந்தவன் ஏதோ சொல்லியிருக்கிறான்,
இவர் அடக்கமாட்டாமல் சிரித்திருக்கிறார்,
அந்தப் பொந்தையும் அவன் விடவில்லை.
தூரிகை நுனியால் ஒரு கறுப்பு.

பிறகு பிள்ளைகளோ மருமகளோ
இது கனவானுக்கு அழகில்லை என்று
காசு கொடுத்து மூடியிருக்க வேண்டும்.
நானும் அந்தக் காசில் வாழ்ந்தவள்தான்.

தன் பல் மருத்துவமனை வரவேற்பறைக்கு
இவரை முன்கூட்டியே கேட்டிருந்த டாக்டர் இயோ
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ஒரு பல் போட்டுவிடலாமே.
உனக்குத் தெரியாத வேலையா?"
தெரியும்.
நிறம்கூட இழுப்பறையில் இருக்கிறது.

இப்போது அவர் எங்கள் மாடிப்படித் திருப்பத்தில்.
கீழ்வீட்டுப் பையன் பள்ளிக்கு ஓடும் அவசரத்திலும்
ஆடும் பல்லை நாக்கால் தள்ளி
அவருக்குக் காட்டிவிட்டுத்தான் போகிறான்.

குச்சிகளை எறிய மனம் வரவில்லை.
காலியான காயா போத்தலில் போட்டு
சீட்டு ஒட்டினேன்:
கனவானின் மூடிய வாய்,
22 துண்டுகள்.