கழிவுக் குழாய்

நெடுங்கேணிச் சந்தியிலிருந்து உள்ளே மூன்று கட்டை.
தகரக் கொட்டில், நீல மோட்டர்.
காலை ஆறு மணிக்கு நான்தான் திறப்பேன்.

முதல் வெள்ளைக் கூட்டுக்குள் ஒரு பஞ்சுத் தடி.
நேரே வருகிற தண்ணீர் முழுவதும்
அதற்குள்ளால்தான் போகவேணும், வேறு வழி இல்லை.
வருகிற மண்ணெல்லாம் அதன் முகத்தில் அப்பும்.
அப்பிய மண்ணே பிறகு வடிதுணியாகி
இன்னும் நுண்ணியதைப் பிடிக்கும்.
அந்தக் கிழமை தண்ணீர் கண்ணாடி.
எனக்கும் நல்ல பெயர்.
அடுத்த கிழமை கேஜில் முள் ஏறும்,
குழாய் நூலாய் இளைக்கும்.
கழற்றினால் செங்கல் நிறம், செங்கல் பாரம்.
எறிந்துவிட்டுப் புதிது பூட்டுவேன்.

அதற்கடுத்தது மெம்பிரேன்.
அதில் தண்ணீர் முட்டி நிற்பதில்லை,
உரசிக்கொண்டு ஓடுகிறது.
ஓடுகிற ஓட்டத்தில் கொஞ்சம் உள்ளே இறங்கும்.
மிச்சம், தன் உப்பையும் கல்லையும் தானே சுமந்து
பக்கக் குழாயால் வெளியே.
"நிண்டால்தானே படியும்.
இது மூண்டு வருசம் உழைக்கும்" என்றார்
வவுனியாவிலிருந்து பூட்ட வந்த தவசீலன்.
கரண்ட் பில்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எது திறம் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டார்கள்.
தடி மட்டும் என்றால் உப்பு அப்படியே வரும்.
தடி இல்லையென்றால் மெம்பிரேன்
ஒரு மாரி தாங்காது, மண்ணில் அடைத்துவிடும் என்றேன்.
பொருளாளர் இரண்டுக்கும் விலை கேட்டார்.

பூபாலன் கையைத் தூக்கினான்.
செவ்வாயும் வெள்ளியும் முதல் பஸ்ஸில்
பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவன்.
"அங்கயும் இப்பிடித்தான். நேர்ஸிட்டக் கேட்டனான்.
ரத்தம் நாருக்குள்ளால ஓடிக்கொண்டே இருக்கோணும்.
நிண்டா உறைஞ்சிடும்."
சேட்டுக் கையைச் சுருட்டி நீட்டினான்,
"தொட்டுப் பாருங்கோ அக்கா."
முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில்,
என் மோட்டர் குழாயில் இருக்கிற அதே அதிர்வு.
கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

பத்து லீற்றர் இறைத்தால் நல்லது நாலு.
கானுக்கு இருபது ரூபா, கொப்பியில் எழுதுகிறேன்.
மற்ற ஆறுக்கும் கொப்பியில் பக்கம் இல்லை.
அது கொட்டிலின் பின்னால் விழுந்து
வெள்ளைக் கோடு கீறிக்கொண்டு போகிறது.

எங்கே போகிறது என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.
நேற்று மோட்டரை நிற்பாட்டிவிட்டு
அந்தக் கோட்டோடு நடந்து பார்த்தேன்.
எருக்கலைப் பற்றை. முள்ளுக்கம்பி வேலி.
வேலிக்கு அங்கால்
பூபாலன் வீட்டுக் கிணறு.