ஏழு

மார்பிள் வேண்டாம் என்றார் ஹால்டோர்,
மழைக்கோட்டைக் கழற்றாத கற்கடைக்காரர்.
பெர்கன் மழைக்கு அது சர்க்கரைக் கட்டி.
நாற்பது வருடத்தில் விளிம்பு மழுங்கும்,
எண்பதில் பெயர் போகும்,
அப்புறம் அங்கே கிடப்பது யாரோ ஒருத்தர்.
மார்பிள் சில்லு ஒன்றில் வினிகர் சொட்டி
காதை வைத்துக் கேள் என்றார்.
கேட்டேன்.
மிக மெதுவாகச் சீறியது.

மணற்கல்லும் கூடாதாம்:
அக்டோபரில் குடித்ததை ஜனவரியில் உறையவைத்து
வெங்காயம் போல உரிந்துகொள்ளும்.

விற்கிறவன் சொல்லை எப்படி நம்புவது, ஸ்வெரே?
உன் பெயிண்ட் தெறித்த மேல்கோட்டை மாட்டிக்கொண்டு
கல்லறைத் தோட்டத்துக்கே போய்ப் பார்த்தேன்.
உன் தங்கை யோருன் குடை பிடித்தாள்.
காற்று அதைப் பிடுங்கி
ஒரு கப்பல் முதலாளியின் தேவதை மேல் கவிழ்த்தது.
வெள்ளை மார்பிள். மூக்கு இல்லை.
இறந்த வருடம் 1911 என்று நினைக்கிறேன்;
கடைசி இலக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை,
விரலுக்குத்தான் தெரிந்தது.

இரண்டு வரிசை தள்ளி
முழங்கால் உயரத்தில் ஒரு சிலேட்டுப் பலகை.
பிள்ளைகள் எச்சில் தொட்டு அழிப்பார்களே, அதே கல்.
1783.
நேற்று வெட்டியது மாதிரி எழுத்து.
மூன்று குழந்தைகள், ஒரே மார்ச் மாதம்.
இருநூற்று நாற்பது வருட மழை
அதில் ஒரு வாரத்தைக் கூடக் கழுவவில்லை.
யோருன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
மறைந்தால் தேவலை என்று
சில எழுத்துகளைப் பற்றியும் தோன்றுகிறது.

நீயோ முப்பத்தோரு வருடம் வீட்டுக்கு வீடு பெயிண்ட் அடித்தவன்.
ஏழு வருடம் உத்தரவாதம்,
தென்மேற்குச் சுவருக்கு ஐந்து,
பிஷப்பே வந்து கேட்டாலும் ஆறு கிடையாது.

கடைசியில் கருங்கல் என்று முடிவானது.
தலைப்பக்கம் சரிவாக இருக்கட்டும், நீர் தேங்காது;
கம்பி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்;
எழுத்துக்குப் பொன் பூச்சு வேண்டாம், உரியும்.
எல்லாவற்றையும் உன் குரலில் கேட்டு உன் குரலில் பதில் சொன்னேன்.
ஐந்நூறு வருடம் தாங்கும் என்றார் ஹால்டோர்.

அன்று மாலை அலுவலகக் கடிதம் வந்தது.
நிலம் இருபது வருடத்துக்கு இலவசம்.
பிறகு வாடகை. கட்ட ஆளில்லாவிட்டால்
கல் அகற்றப்படும்.
எனக்கு அறுபத்து நான்கு.
நமக்குப் பிள்ளை உண்டா என்பதை
அந்தப் படிவம் மூன்று கட்டங்களில்
மூன்று விதமாகக் கேட்டது.

அகற்றிய கல் என்ன ஆகும்?
ஹால்டோர் தொண்டையைச் செருமினார்.
நொறுக்கினால் சாலைக்குப் போகும்.
நல்ல கல்லாக இருந்தால் முகத்தை இழைத்து
மறுபடி விற்போம்.
பிறகு, நான் பிடித்துப்போய்த் தடவிக்கொண்டிருந்த கல்லின் மேலேயே
கையை வைத்தார்.
இது கூட.

பாதி விலை. மறைக்க நினைக்கவில்லையாம்,
கேட்பார்கள் என்று காத்திருந்தாராம்.

டார்ச்சைச் சாய்த்து அடித்தோம்.
இடது மூலையில் ஒரு எழுத்தின் காலோ,
இழைத்த தடமோ.
யோருன் முகம் சுளித்தாள்.
எனக்கு உன் ஏணி ஞாபகம் வந்தது:
சுரண்டு, தேய், பிரைமர், பிறகு நிறம்.
புது மரத்தைவிடப் பழைய சுவர்
பெயிண்டை நன்றாகப் பிடிக்கும் என்பாய்.

இதையே கொடுங்கள் என்றேன்.

எழுத்து எவ்வளவு ஆழம் என்று கேட்டார்.
மழையை நினைத்தால் எட்டு மில்லிமீட்டர்,
ஆறே போதும் என்பவர்களும் உண்டு.

வெளியே தகரக் கூரையில்
அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.

ஏழு என்றேன்.