எந்தப் பக்கம்?

பன்னிரண்டாம் நாள் குழாயை எடுத்ததும்
ஃபுல்வியோ கேட்ட முதல் வார்த்தை:
"டிக்கெட்?"

முப்பது வருஷம் த்ரியெஸ்தே டிராமில் பரிசோதகர்.
வார்டு அவருக்கு மலையேறும் பெட்டி;
சொட்டுமருந்துக் கம்பங்கள் நின்றுகொண்டே வரும் பயணிகள்.
ஊசி உறையைக் கிழித்து நீட்டினேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"இது நேற்றையது. இறங்குங்கள்."

அந்த ஓர் இரவுப் பணியில்
நான்கு முறை இறங்கினேன்.

நுரையீரல் தெளிந்துவிட்டதாம்.
மூளைப் படத்தில்தான்
யாரோ உப்பைச் சிந்திய மாதிரி.
சளிக்கு வந்த கிருமிக்கு அங்கே என்ன வேலை
என்று கேட்டாள் மனைவி நேவியா.
டாக்டர் சொன்னதையே சொன்னேன்:
கிருமி போகவில்லை,
அதை அடிக்கக் கிளம்பிய படைதான் வழி தப்பியது.
தலையாட்டினாள். நம்பவில்லை.

ஜூனில் வந்தார்.
இடக்காலில் ஷூ இல்லை, வெறும் சாக்ஸ்.
கடிகாரம் வரையச் சொன்னோம்.
வட்டம் ஒழுங்கு.
பன்னிரண்டு எண்களும் வலப்பாதியில்
கடைசி வண்டிக்கு முண்டும் கூட்டமாய்
ஒன்றையொன்று இடித்து நின்றன.
"மறுபக்கம் காலியாக இருக்கிறதே?"
"எந்தப் பக்கம்?" என்றார்,
நிஜமாகவே தெரிந்துகொள்ள.

நேவியா கைப்பையைத் திறந்து
மற்ற ஷூவை எடுத்தாள்.